தலைநகரின் சேர்ந்திசைப் பருவம்: ஒரு மதிப்பீடு

கோலாலம்பூரில் நான் நெடுநாளாகக் கேட்டுவரும் சேர்ந்திசைச் சங்கம் ஒன்று தன் அடுத்த பருவத்துக்கான நிகழ்ச்சி நிரலை அறிவித்திருக்கிறது. அக்டோபரில் விவால்டியின் ‘குளோரியா’வும் ஃபோரேயின் ‘ரெக்வியம்’ என்ற, இறந்தோர்க்கான திருப்பலி இசையும், டிசம்பரில் ஹேண்டலின் ‘மெசாயா’, மார்ச்சில், தவக்காலத்தில், பாக் இயற்றிய ‘மத்தேயு திருப்பாடுகள்’, ஜூன் மாதத்தில் பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’ என, பழைய ஆலயம் ஒன்றில் நான்கு நிகழ்ச்சிகள். மேடையேறுவோர் ஆசிரியர்களும் தாதியரும் கணக்காளர்களும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களுமாக, வாரந்தோறும் வேலை முடிந்து ஒத்திகைக்கு வந்து சேர்பவர்கள்; பாடுவதற்கு ஒரு காசும் பெறாதவர்கள். அவர்களிடையே தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதும், எதிரே உள்ள இருக்கைகளில் தமிழர்களை அரிதாகவே காணமுடிகிறது என்பதும் இதை எழுதத் தூண்டின. ஒரு நிகழ்ச்சிக்கு 50 வெள்ளி (ரிங்கிட்), நான்குக்கும் சேர்த்து 150 வெள்ளி, மாணவர்களுக்கு அதில் பாதி என்ற விலைக்குப் பருவச்சீட்டு வாங்கத் தகுந்ததா என்று கேட்டால், தயங்காமல் ஆம் என்பேன். ஆனால் நான்கில் ஒன்று விளம்பரத்தில் தாங்கியிருக்கும் பெயருக்கு முழு உரிமை உடையதாக இல்லை. அதைத் திருத்திக்கொள்ளச் சங்கத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது என்பதால் அதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சேர்ந்திசைப் பருவத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது? குரல்களின் இனிமை, நடத்துநரின் திறமை, அரங்கின் எதிரொலி ஆகிய அனைத்தும் முக்கியமானவையே. எனினும் என் முதல் அளவுகோல் சொல். வயலினோ பியானோவோ செய்ய முடியாத ஒன்றைப் பாடகர் கூட்டம் செய்கிறது என்றால், அது அறுபது பேர் ஒரே நேரத்தில் ஒரு சொல்லைச் சொல்லுவதுதான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதற்குப் பின் வருகிறது, எதற்கு முன் நிற்கிறது என்பதைக் கேட்பவர் அறியாவிட்டால், இசையமைப்பாளர் செய்த வேலையில் பாதி காற்றோடு போய்விடும். கேட்போர்க்குப் புரியும் மொழியில் பாட்டு வேண்டும் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முதலானோர் குரல் கொடுத்து, 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய வரலாறு நமக்கு உண்டு. சாகித்தியம் விளங்காமல் ராகத்தை மட்டும் சுவைப்பதில் உள்ள குறையை நம் முன்னோர் பொதுமேடையிலேயே வாதிட்டிருக்கிறார்கள். ஆகவே லத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் பாடப்படும் இந்தப் பருவத்தைத் தமிழர் ஒருவர் அந்த அளவுகோலால் அளப்பது பொருத்தமானதே.

அந்த அளவில் சங்கத்தின் நிகழ்ச்சிக் கையேடு கடந்த பருவங்களில் என்னை ஏமாற்றியே வந்திருக்கிறது. பாடல் வரிகள் ஆங்கிலத்தில் மட்டும் அச்சாகின்றன. அதுவும் கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளுக்கும் நன்கொடையாளர் விளம்பரங்களுக்கும் பிறகு, கடைசிப் பக்கத்தில், விளக்கணைந்த ஆலயத்தில் படிக்கமுடியாத சிறு எழுத்தில். இதைச் சரிசெய்யப் பெருஞ்செலவு ஆகாது. மெசாயாவின் உரை முழுவதும் விவிலிய வசனங்களால் ஆனது. சார்ல்ஸ் ஜென்னன்ஸ் என்பவர் அவற்றைத் தொகுத்து ஹேண்டலிடம் கொடுத்தார். பிராம்ஸின் உரையும் அவரே லூத்தரின் விவிலியத்திலிருந்து பொறுக்கியெடுத்தது. ஒவ்வொரு பகுதிக்கும் நேராக அதிகாரத்தையும் வசன எண்ணையும் அச்சிட்டுவிட்டால், தமிழரோ சீனரோ தத்தம் மொழி விவிலியத்தைக் கைப்பேசியில் திறந்து, வீட்டிலேயே ஒருமுறை படித்துவிட்டு வரலாம். ஏற்பாட்டாளர்கள் இவ்வாண்டு இதையாவது செய்யவேண்டும்.

நான்கு குரல்களைக் கேட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு சொல். நம் கச்சேரியில் ஒரே இசைவரி ஓடுகிறது. வயலின் அதைத் தொடர்கிறது, மிருதங்கம் அதற்குக் காலம் காட்டுகிறது. சேர்ந்திசையில் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என நான்கு வரிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. புதிதாகக் கேட்பவரின் காது இயல்பாகவே மேலே உள்ள சொப்ரானோவைப் பிடித்துக்கொள்ளும். அதை விட்டுவிட்டு, முதல் சில நிமிடங்கள் அடியில் இருக்கும் பாஸ் வரியை மட்டும் தொடர்ந்து பாருங்கள். மற்ற மூன்றும் எதன்மேல் நிற்கின்றன என்பது விளங்கியதும், மேல்வரி தானாகவே வேறு பொருளோடு கேட்கத் தொடங்கும்.

அக்டோபர் நிகழ்ச்சி இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. விவால்டியின் குளோரியா அரை மணி நேரத்தில் முடியும் பன்னிரண்டு சிறு பகுதிகள். வெனிசில் அநாதைப் பெண்பிள்ளைகள் வளர்ந்த பியெத்தா இல்லத்துக்காக அவர் எழுதியது. அவர் மறைந்தபின் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த கையெழுத்துப்படிகள் 1920களில் கண்டெடுக்கப்பட்டு, 1939இல் சியேனா நகரில் அது மீண்டும் ஒலித்தது. தெளிவான தாளம், உடனே மனத்தில் தங்கும் மெட்டு, குழப்பமற்ற சொற்கள். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாத இசை அது.

ஃபோரேயின் ரெக்வியம் வேறு உலகம். 1888 ஜனவரியில் பாரிஸ் மதலேன் ஆலயத்தில், அங்கே பாடகர் குழுவை நடத்திவந்த ஃபோரே இதை முதன்முதலாக அரங்கேற்றினார். இறந்தோர்க்கான திருப்பலியின் உரையில் இறுதித் தீர்ப்பின் கோபநாளை வருணிக்கும் நீண்ட பகுதி ஒன்று உண்டு. மொசார்ட்டும் வெர்டியும் தங்கள் முழு ஆற்றலையும் கொட்டிய இடம் அது. ஃபோரே அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார். எந்தச் சொல்லைப் பாடவேண்டாம் என்று ஓர் இசையமைப்பாளர் எடுக்கும் முடிவு, பாடிய சொற்களின் நிறத்தையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அச்சுறுத்தல் நீங்கிய பிறகு எஞ்சுவது இளைப்பாறுதல் மட்டுமே. அந்தச் சொல்லில் தொடங்கி அதே சொல்லில் இசை முடிகிறது.

ஆனால் இந்த நிகழ்ச்சியின் நேரம் எனக்குக் கவலை தருகிறது. ஞாயிறு மாலை 4 மணி என்று அறிவித்திருக்கிறார்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் இந்தப் பள்ளத்தாக்கில் இடிமழை எப்போது இறங்கும் என்பது நகரவாசிகள் அனைவருக்கும் தெரியும். ஃபோரே மிக மெல்லிய குரலில், ஏறத்தாழ அசைவற்ற சுரங்களில் தொடங்குகிறார். பழைய ஆலயத்தின் கூரையில் மழை கொட்டும்போது அந்தத் தொடக்கம் யாருக்கும் கேட்காது. விவால்டியை இரண்டாவதாக வைத்தாலும் சிக்கல் தீராது, ஏனெனில் மழை ஐந்து மணிக்கும் வரும். இரவு 8 மணிக்கு மாற்றுவதே அறிவுடைய செயல். மாற்ற இயலாதென்றால், சீட்டு வாங்குவோர் கூரை விளிம்புகளிலிருந்து விலகி, நடுவரிசைகளில் இடம் கேட்டுப் பெறுவது நல்லது.

டிசம்பரின் மெசாயாவைப் பற்றி ஏற்கெனவே அறிந்தவர்கள் அதிகம். 1741இல் ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 14 வரை, 24 நாள்களில் ஹேண்டல் இதை எழுதி முடித்தார். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் நடந்த முதல் நிகழ்ச்சியின் வருவாய், கடனுக்காகச் சிறைப்பட்டவர்களின் விடுதலைக்கும் இரு மருத்துவமனைகளுக்கும் சென்றது. கூட்டம் மிகுந்துவிடும் என்பதால் பெண்கள் வளையமிட்ட பாவாடை அணியாமலும் ஆண்கள் வாளின்றியும் வருமாறு முன்னதாகவே கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கிறிஸ்து பிறப்புக் காலத்தோடு இன்று பிரிக்கமுடியாதபடி சேர்ந்துவிட்ட இந்த இசை, அப்படியாக, உயிர்ப்புத் திருநாளை ஒட்டிய பருவத்தில் பிறந்தது.

சங்கம் முதல் பாகத்தை மட்டும் பாடி, இறுதியில் ‘அல்லேலூயா’வைச் சேர்க்கப்போகிறது. உலகெங்கும் டிசம்பரில் செய்யப்படும் ஏற்பாடுதான் இது. பார்வையாளர்கள் எழுந்து நின்று அந்த ஒரு பகுதியைத் தாங்களும் பாடலாம் என்ற அழைப்பையும் நான் மனமார வரவேற்கிறேன். நம் சபைகளின் பாடகர் குழுக்களில் வளர்ந்தவர்கள் பலருக்கு அதன் டெனர் வரியோ ஆல்ட்டோ வரியோ இன்றும் மனப்பாடமாக இருக்கும். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் லண்டனில் அதைக் கேட்டு எழுந்து நின்றதால்தான் இவ்வழக்கம் வந்தது என்று அறிவிப்பாளர் ஆண்டுதோறும் சொல்கிறார். அந்தக் கதைக்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. அதைச் சொல்லாமலேயே நாம் எழுந்து நிற்கலாம். எனக்குள்ள மனக்குறை வேறு. அல்லேலூயா உண்மையில் இரண்டாம் பாகத்தின் முடிவு. பாடுகள், கைவிடப்படுதல், உலகத்து அரசர்களின் கொந்தளிப்பு ஆகிய யாவற்றையும் கடந்து அங்கு வந்து சேரும் வெற்றி முழக்கம் அது. மேய்ப்பர்களின் இரவிலிருந்து ஒரே தாவலில் அங்கு போய்விட்டால், முழக்கம் மட்டும் மிஞ்சும். அதற்குக் கொடுக்கப்பட்ட விலை தெரியாது. கையேட்டில் இரண்டு வரிகளில் இதைச் சொல்லிவிட்டால்கூடப் போதும்.

இனி மார்ச் மாத நிகழ்ச்சிக்கு வருகிறேன். சங்கம் பாக்கைத் தேர்ந்தெடுத்ததற்காக முதலில் நன்றி சொல்லவேண்டும். ஊதியமற்ற பாடகர்களுக்கும் இந்தப் படைப்புக்கும் உள்ள உறவு ஆழமானது. 1720களின் பிற்பகுதியில் லைப்சிக் நகரின் தோமா ஆலயத்தில், பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்காகப் பாடப்பட்ட மத்தேயு திருப்பாடுகள், பாக் மறைந்தபின் பொதுமக்கள் காதிலிருந்து முற்றிலும் விலகிப்போயிருந்தது. 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் அதை மீட்டெடுத்தவர் இருபது வயது இசையமைப்பாளர் மெண்டல்சன். அவருக்குக் குரல் கொடுத்தது 1791இல் தொடங்கப்பட்ட ‘சிங்அகாடமி’ என்ற சேர்ந்திசைச் சங்கம். மாலை வேளைகளில் கூடிப் பாடிய பெர்லின் குடிமக்களே பாக்கை உலகுக்குத் திருப்பித் தந்தார்கள். அந்த மரபில் வந்த ஒரு கோலாலம்பூர்ச் சங்கம் இதை எடுத்துக்கொள்வது மிகப் பொருத்தம்.

தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் இன்னோர் உறவும் இருக்கிறது. 1706இல் ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது பாக் 21 வயது இளைஞர். அந்த லுத்தரன் பணியாளர்களின் வழியே ஜெர்மானியப் பாமாலைகள் தமிழுக்கு வந்தன; கர்நாடக ராகங்களில் அமைந்த கீர்த்தனைகளோடு அருகருகே, நான்கு குரல் அமைப்பில் இன்றும் பாடப்படுகின்றன. பவுல் கெர்ஹார்ட் 1656இல் எழுதிய, முள்முடி சூடிய சிரசை நோக்கிப் பேசும் பாமாலை அவற்றுள் ஒன்று. அதன் மெட்டு ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டுக்கு உரியது. பெரிய வெள்ளியன்று நம் ஆலயங்களில் தமிழில் கேட்கும் அதே மெட்டுத்தான் மத்தேயு திருப்பாடுகளில் ஐந்து முறை வருகிறது. இவ்வளவு பெரிய, அயலானதாகத் தோன்றும் ஒரு படைப்பின் நடுவே, பாட்டியிடம் கற்ற மெட்டு திடீரென்று எழுந்து வருவதைக் கேட்கும் வாய்ப்பு தமிழ்க் கேட்பாளர்களுக்கு இருக்கிறது. மார்ச் நிகழ்ச்சிக்கு நம்மவர்களை அழைக்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஆனால் அறிவிப்பின் அடிக்குறிப்பைப் படித்தால், பாடப்போவது முழுப்படைப்பு அன்று, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்ட ஒரு தொகுப்பு என்று தெரிகிறது. பெரிய கூட்டுப்பாடல்களும் பாமாலைகளும், அரியா எனப்படும் தனிக்குரல் பாடல்கள் நான்கும் இருக்கும். மத்தேயுவின் சொற்களில் இயேசுவின் பாடுகளைக் கதையாகச் சொல்லும் டெனர், அதாவது சுவிசேஷகர், பாடும் பகுதி முழுவதும் நீக்கப்பட்டிருக்கிறது. முழுமையாகப் பாடினால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரண்டு பாடகர் குழுக்களும் இரண்டு வாத்தியக் குழுக்களும் வேண்டும், தேர்ந்த டெனர் ஒருவருக்கு நல்ல சன்மானம் கொடுக்கவேண்டும் என்பதையெல்லாம் நான் அறிவேன். சுருக்குவதில் தவறில்லை. மெண்டல்சனும் சுருக்கினார். ஆனால் அவர் வெட்டியவற்றுள் பெரும்பகுதி தனிக்குரல் அரியாக்கள். கதையின் ஓட்டத்தை அவர் காப்பாற்றிக்கொண்டார். நம் சங்கம் செய்திருப்பது அதற்கு நேர்மாறு. கதாகாலட்சேபத்தில் கதை சொல்பவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாட்டுகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதைப் போன்றது இது.

இதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். அந்த ஐந்து முறை வரும் மெட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் முறை ஈ மேஜர் என்ற சுருதியில் வருகிறது. இரண்டாம் முறை அதே ஒத்திசைவு, சற்றும் மாறாமல், அரைச்சுரம் இறங்கி வருகிறது. இரண்டுக்கும் இடையே நடப்பது என்ன? எல்லோரும் கைவிட்டாலும் நான் கைவிடமாட்டேன் என்று பேதுரு உறுதி கூறுகிறான். சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலிப்பாய் என்று அவனுக்கு விடை கிடைக்கிறது. அதன் பின்னரே, உம் அருகில் நிற்பேன் என்று பாடகர் குழு அரைச்சுரம் தாழ்ந்து பாடுகிறது. இடையில் உள்ள உரையாடலை நீக்கிவிட்டால், ஒரே பாமாலையை ஏன் இரண்டு முறை பாடுகிறார்கள் என்றுதான் கேட்பவர் எண்ணுவார். ஐந்தாம் முறை வருவது இயேசு உயிர்விட்டதைச் சுவிசேஷகர் தனியாகச் சொல்லி நிறுத்திய அடுத்த நொடியில். ஒரு மனிதக் குரல் தனித்து அந்தச் செய்தியைச் சொல்லாவிட்டால், அதற்கு விடையாக எழும் அறுபது குரல்களுக்கு எழுவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. பாக் அந்த இடத்தில் எழுதிய ஒத்திசைவு, முன்பு வந்த நான்கையும்விட இருண்டது, தடுமாறி நடப்பது. அந்தத் தடுமாற்றத்தைக் கேட்பவர் புரிந்துகொள்வதற்குக் கதை வேண்டும்.

செலவு கூட்டாமல் செய்யக்கூடிய ஒரு வழி உண்டு. சுவிசேஷகருக்குப் பாடகர் கிடைக்காவிட்டால், நல்ல குரல்வளமுள்ள வாசகர் ஒருவர் மத்தேயுவின் 26, 27ஆம் அதிகாரங்களிலிருந்து தேவையான வசனங்களைப் பகுதிகளுக்கு இடையே வாசிக்கட்டும். தமிழில் ஒரு பகுதி, சீனத்தில் ஒரு பகுதி, ஆங்கிலத்தில் ஒரு பகுதி என்று மாறிமாறி வாசித்தாலும் நன்றாக இருக்கும். இந்த நகரத்துச் சபைகளுக்கு அது பழகிய முறைதான். ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றேகால் மணி நேரமாகும், அவ்வளவே. அதுவும் இயலாது என்றால் விளம்பரத்தில் ‘மத்தேயு திருப்பாடுகள்’ என்று பெரிய எழுத்தில் போடாமல், அதிலிருந்து சில பாடல்கள் என்று நேர்மையாகப் போடவேண்டும். இதே விலைக்கு முழுப்படைப்பையும் எதிர்பார்த்து வருபவர் இருப்பார்.

ஜூன் மாதத்துப் பிராம்ஸ் இந்தப் பருவத்தின் சிகரம். ஒரே ஒரு சீட்டு மட்டும் வாங்கப் பணம் இருந்தால் இதற்கே வாங்குங்கள். 1865இல் தாயை இழந்த பிராம்ஸ், லத்தீன் திருப்பலி உரையைத் தொடாமல், தன் தாய்மொழி விவிலியத்திலிருந்து தானே வசனங்களைத் தேர்ந்து கோத்தார். இறந்தவரின் ஆன்மாவுக்காக மன்றாடும் வரி அதில் கிடையாது. துயரப்படுவோர் பேறுபெற்றோர் என்று தொடங்கி, கண்ணீரோடு விதைப்பவரின் அறுவடை, புல்லைப் போன்ற மானிட வாழ்வு, மழைக்காகப் பொறுத்திருக்கும் உழவன், தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்னும் வாக்குறுதி என்று, எஞ்சியிருப்பவர்களை நோக்கியே அது பேசுகிறது. எந்த மதத்தவராயினும், வீட்டில் ஒரு சாவைக் கண்டவர் எவரும் இதிலிருந்து அந்நியப்படமாட்டார்.

அந்தத் தேர்வு அக்காலத்தில் எளிதாக ஏற்கப்படவும் இல்லை. 1868 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று பிரேமன் பேராலயத்தில் பிராம்ஸே நடத்திய நிகழ்ச்சிக்கு முன், கிறிஸ்துவின் மீட்புப் பலியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே என்ற கேள்வி எழுந்தது. பிராம்ஸ் உரையை மாற்றவில்லை. ஈடுகட்டும் விதமாக, மெசாயாவின் மூன்றாம் பாகத்தில் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று சொப்ரானோ பாடும் தனிப்பாடல் அன்றைய நிகழ்ச்சியில் சேர்க்கப்பட்டது. தாயின் தேற்றுதலைப் பற்றிய ஐந்தாம் பகுதியை அதன் பின்னரே அவர் எழுதிச் சேர்த்தார். ஏழு பகுதிகளும் கொண்ட முழுவடிவம் 1869 பிப்ரவரியில் லைப்சிக்கில் ஒலித்தது. டிசம்பரில் மெசாயாவையும் ஜூனில் பிராம்ஸையும் வைத்திருக்கும் சங்கம், இந்த இணைப்பைக் கையேட்டில் சொல்லாமல் விட்டுவிடக்கூடாது.

இந்த ஜூன் நிகழ்ச்சியில் வாத்தியக் குழு இருக்காது என்பதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம். இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபத்தில் முழு வாத்தியக் குழுவோடும் பெரும் ஆர்கனோடும் இவ்வகை இசையைக் கேட்டுப் பழகியவர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். சங்கத்தின் கையிருப்பு அதற்கு இடம் தராது. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பது ஏதோ ஒரு குறுக்குவழி அன்று. ஒரே பியானோவில் இருவர் நான்கு கைகளால் வாசிக்கும் வடிவத்தைப் பிராம்ஸ் தாமே எழுதினார். 1871 ஜூலையில் இந்தப் படைப்பு லண்டனில் முதன்முதலாக, ஒரு வீட்டில், பாடப்பட்டதும் அந்த வடிவத்தில்தான். அதனால் அதற்கு லண்டன் வடிவம் என்றே பெயர். பித்தளை வாத்தியங்களின் கனம் இல்லாததால் சொற்கள் துலங்கும், உள்ளே இருக்கும் ஆல்ட்டோ, டெனர் வரிகள் வெளியே வரும். பழைய ஆலயத்துக்கும் அறுபது பேர் கொண்ட குழுவுக்கும் இதுவே சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

ஒரேயோர் இடம் மட்டும் விதிவிலக்கு. மூன்றாம் பகுதியின் முடிவில், ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பாடும் ஃபியூக் ஒன்று வருகிறது. அடியில் டி என்ற ஒரே சுரம் முப்பத்தாறு பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) அசையாமல் நிற்க, மேலே குரல்கள் துரத்திக்கொண்டு ஓடுகின்றன. நீதிமான்களின் ஆன்மாக்கள் இறைவன் கையில் இருக்கின்றன என்பது சொல், அசையாத அந்தச் சுரமே அந்தக் கை. 1867 டிசம்பரில் வியன்னாவில் முதல் மூன்று பகுதிகள் மட்டும் பாடப்பட்டபோது, முரசு வாசித்தவர் இந்தச் சுரத்தை ஓங்கி அடித்துக் குரல்களையெல்லாம் மூழ்கடித்துவிட்டார். பியானோவில் வரும் சிக்கல் அதற்கு நேர் எதிரானது: அடித்த சுரம் உடனே தேயத் தொடங்கும், திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும். ஆலயத்தில்தான் ஆர்கன் இருக்கிறதே, அந்தப் பார்களுக்கு மட்டும் அதன் அடிக்கட்டையில் டி சுரத்தை நிறுத்தலாமே என்று யோசனை கூற விரும்புகிறேன். ஆனால் அதற்கு ஒரு முன்னேற்பாடு தேவை. காற்று சூடேறினால் ஆர்கன் குழல்களின் சுருதி உயரும். பியானோவின் சுருதி அப்படி உயராது. குளிரூட்டி இல்லாத ஆலயத்தில், மக்கள் நிறைந்த ஜூன் மாலையில் இரண்டும் ஒத்துப்போகவேண்டுமென்றால், பியானோவைச் சுருதி சேர்ப்பவர் காலையில் வந்துவிட்டுப் போகாமல், நிகழ்ச்சி தொடங்கும் வேளையின் வெப்பத்தில் ஆர்கனோடு ஒப்பிட்டுச் சேர்க்கவேண்டும்.

பாடகர்களைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். இந்தக் குழுவின் ஆல்ட்டோக்கள் மிகச் சிறந்தவர்கள். பாஸ் வரி நம்பகமானது. டெனர் எண்ணிக்கையில் குறைவு. கடந்த பருவத்தில் உச்சங்களில் அது மெலிந்துபோனதைக் கேட்டேன். உலகில் பெரும்பாலான சேர்ந்திசைக் குழுக்களுக்கு உள்ள குறைதான் என்றாலும், பாக்கின் தொடக்கக் கூட்டுப்பாடலில் குழு இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று கேள்வி கேட்கும்போது இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். இதைப் படிக்கும் டெனர்கள் யாரேனும் இருந்தால், பருவம் தொடங்குமுன் குரல்தேர்வு நடக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வாத்தியத் துணையே இல்லாமல் பாடும் ஒரு படைப்புகூட நான்கு நிகழ்ச்சிகளிலும் இல்லாதது எனக்கு வருத்தம். சுருதி இறங்காமல் ஐந்து நிமிடம் தனித்து நிற்பதில் ஒரு குழுவின் உண்மையான தரம் தெரிந்துவிடும். விவால்டிக்கும் ஃபோரேக்கும் இடையே அதற்கு இடமும் இருக்கிறது. அந்த இடத்தில் தமிழ்ப் பாடல் ஒன்றையே வைக்கலாம். எம். பி. சீனிவாசன் பாரதியின் பாடல்களைச் சேர்ந்திசையாக்கி, சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவின் மூலம் பாடிக்காட்டியவர். நான்கு குரலுக்குத் தமிழ் ஏற்றதா என்ற கேள்விக்கு அங்கேயே விடை இருக்கிறது.

பருவச்சீட்டு வாங்குவோர் ஆலயத்தின் முதல் ஐந்து வரிசைகளைத் தவிர்க்கவேண்டும். அங்கே நேர் எதிரே நிற்கும் குரல் மட்டுமே கேட்கும். மேல்மாடத்தின் அடியிலும் ஒலி மங்கிவிடும். நடு நடைபாதையை ஒட்டிய இருக்கைகள் நான்கு குரல்களையும் சமமாகத் தரும், மார்ச்சில் இரண்டு குழுக்களையும் இடமும் வலமுமாகப் பிரித்துக் கேட்கவும் உதவும். எல்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம் என்பதால் வார இறுதியில் கார் நிறுத்த இடம் தேடி அலையவேண்டியதில்லை. ஃபோரேயும் பிராம்ஸும் ஒரே பருவச்சீட்டில் இருப்பதால், தனிச்சீட்டாக வாங்க நினைப்பவர்கள்கூட இவ்விரண்டையாவது சேர்த்து வாங்குங்கள்: கோபநாளை நீக்கிய ஒருவரும், திருப்பலி உரையையே விட்டு விலகிய ஒருவரும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாவைப் பற்றி எப்படி எண்ணினார்கள் என்பதை எட்டு மாத இடைவெளியில் அதே ஆலயத்தில், அதே குரல்களில் ஒப்பிட்டுக் கேட்க முடியும். மார்ச் நிகழ்ச்சிக்கான கதைவாசிப்பைப் பற்றிச் சங்கத்துக்கு நான் எழுதியிருக்கிறேன். சீட்டு வாங்கும்போது நீங்களும் அதைக் கேட்டால், அவர்கள் செய்வார்கள் என்று நம்புகிறேன்.